காலியாகத் தெரிந்த பென்டிரைவ்

2008, 2009 வாக்கில் தூத்துக்குடியில் டைப்பிங், ஜெராக்ஸ், பிரவுசிங் என்று கடை போட்டிருந்த எனக்கு வைரஸ்தான் உபரி வருமானம். ஷிப்பிங் ஏஜென்சிப் பையன்கள் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாவற்றையும் பென்டிரைவில் கொண்டு வருவார்கள். சொருகினால் ஒன்றும் இருக்காது. “அண்ணாச்சி, எல்லாம் அழிஞ்சிட்டு. சாயங்காலத்துக்குள்ள கஸ்டம்ஸ்ல குடுக்கணும்.” நான் முதலில் திறப்பது ப்ராப்பர்ட்டீஸை. கோப்பே தெரியாத டிரைவில் பாதி இடம் நிரம்பியிருந்தால் சரக்கு உள்ளேதான் இருக்கிறது.

ஒளிக்கும் வித்தை வைரஸ் கண்டுபிடித்ததல்ல. டாஸ் காலத்திலேயே ஐஓ.சிஸ், எம்எஸ்டாஸ்.சிஸ் இரண்டும் கண்ணில் படாது. அவற்றை அழித்தால் கம்ப்யூட்டர் எழும்பாது. அதனால் ‘ஹிட்டன்’, ‘சிஸ்டம்’ என்று இரண்டு குறி போட்டு வைத்தார்கள். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில், ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்ததைக் காட்டச் சொன்னாலும் இரண்டு குறியும் உள்ளவை வராது. கீழே இன்னொரு டிக்கை எடுக்க வேண்டும். எடுத்தால் எச்சரிக்கை வரும். பாதிப்பேர் அதோடு கையை எடுத்துவிடுவார்கள்.

வைரஸ்காரனுக்கு அது போதும். நம் ஃபோல்டர்களுக்கு அந்த இரண்டு குறியையும் போட்டான். அதே பெயரில், அதே மஞ்சள் படத்தோடு ஓர் எக்ஸி கோப்பையும் வைத்தான். கோப்பின் கடைசி மூன்று எழுத்தையும் எக்ஸ்பி தானாகவே மறைத்துவிடும் என்பதால், ஃபோல்டர் என்று நம்பி எல்லோரும் அதைத் தட்டினார்கள். மைக்ரோசாஃப்ட் செய்த உபகாரங்களில் இதைவிடக் கேடு வேறில்லை.

மருந்து ஒரே வரி: கமாண்ட் பிராம்ப்டில், குறிகளை மாற்றும் ‘அட்ரிப்’. மைனஸ் ஹெச் மட்டும் கொடுத்தால், சிஸ்டம் கோப்பைத் தொடமாட்டேன் என்று மறுக்கும். மைனஸ் எஸ்ஸும் சேர வேண்டும். /டி விட்டுப்போனால் ஃபோல்டர்கள் அப்படியே ஒளிந்து கிடக்கும். 2011 பிப்ரவரியில், பென்டிரைவைச் சொருகியதும் தானே ஓடும் ஆட்டோரனை எக்ஸ்பியிலும் விஸ்டாவிலும் மைக்ரோசாஃப்ட் அடக்கியது. துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயர் வந்த அதே வருசம் என் கடையில் கூட்டம் குறைந்தது.

யூனிக்ஸ் கதை வேறு. அங்கே ஒளிப்பு யாரும் திட்டமிட்டதல்ல. நிற்கும் ஃபோல்டரையும் அதற்கு மேல் ஃபோல்டரையும் குறிக்கும் ‘.’, ‘..’ இரண்டும் பட்டியலில் வராதிருக்கப் போட்ட குறுக்குவழியில், புள்ளியில் தொடங்கும் எல்லாமே மறைந்துபோயின. யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக் அதைப் பிழை என்றே எழுதினார். அந்தப் பிழை இப்போது யூனிக்ஸ் வழியைப் பின்பற்றும் ஆண்ட்ராய்டு போனில் இருக்கிறது. பனிமய மாதா திருவிழாவில் மச்சான் போட்ட ஸ்டேட்டஸ் வீடியோ வேண்டும் என்று வருகிறவர்களுக்கு, ஃபைல் மேனேஜரில் மறைந்ததைக் காட்டச் சொல்லிப் புள்ளி வைத்த ஃபோல்டரைத் திறந்து கொடுக்கிறேன். இதற்குக் காசு வாங்குவதில்லை.