சட்டக் கல்லூரி வாசலில்

1888 செப்டம்பர் 4 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் கப்பலேறிய மோகன்தாஸ் காந்தியின் பெட்டியில் நான்கு அறிமுகக் கடிதங்கள் இருந்தன. டாக்டர் பி.ஜே. மேத்தா, தல்பத்ராம் சுக்லா, ரஞ்சித்சிங்ஜி, தாதாபாய் நௌரோஜி ஆகிய நால்வருக்குமானவை அவை. வெள்ளை ஃபிளானல் உடுப்பு ஒன்றையும் இறங்கும் நாளுக்கென்று பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். செப்டம்பர் கடைசியில், இங்கிலாந்தின் குளிரில், வெள்ளை உடுப்போடு கரையிறங்கியவர் அவர் ஒருவர்தான். அன்று மாலை விடுதிக்கு வந்த மேத்தாவின் பட்டுத் தொப்பியை எடுத்து, அதன் மயிரை எதிர்ப்பக்கமாகத் தடவிப் பார்த்தார். மேத்தா கோபத்தோடு தடுத்தார். அடுத்தவர் பொருளைத் தொடாதே என்பதுதான் லண்டனில் அவர் கேட்ட முதல் பாடம்.

பாரிஸ்டர் படிப்புக்கு அந்தக் காலத்தில் பாடப் புத்தகத்தைவிடப் பழக்கவழக்கம்தான் பெரிது. இன்னர் டெம்பிள், லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன், மிடில் டெம்பிள் என்ற நான்கு சங்கங்களில் ஒன்றில் சேர வேண்டும். மதிப்புள்ளவர்கள் நமக்காக வாக்குக் கொடுக்க வேண்டும். பிறகு பன்னிரண்டு தவணைகள், தவணைக்கு ஆறு விருந்துகளாவது. சாப்பிட்டே ஆகவேண்டும் என்பதில்லை, நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தால் போதும். நால்வருக்கு இரண்டு புட்டி மது என்பது கணக்கு. காந்தி குடிக்க மாட்டார் என்பதால் அவரைத் தங்கள் மேசைக்கு இழுக்கப் போட்டியே நடந்தது. பாண்ட் ஸ்ட்ரீட்டில் பத்துப் பவுனுக்கு மாலை உடுப்பும் பத்தொன்பது ஷில்லிங்குக்குத் தொப்பியும் வாங்கினார். நடனம், வயலின், பேச்சுப் பயிற்சி எல்லாவற்றுக்கும் பணம் கட்டினார். சில மாதங்களில் அத்தனையையும் விட்டார். 1891-இல் பம்பாய்க்குத் திரும்பி, சிறுவழக்கு நீதிமன்றத்தில் முப்பது ரூபாய்க் கட்டணத்துக்கு எடுத்த வழக்கில் எழுந்து நின்றபோது ஒரு கேள்விகூட வாயில் வரவில்லை. தொப்பியும் விருந்தும் அங்கே கைகொடுக்கவில்லை.

கடல் கடக்க வசதியில்லாதவர்களுக்கு உள்ளூரிலேயே வழி இருந்தது. தலைமை நீதிபதி எர்ஸ்கின் பெரியின் பெயரில் ஏற்பட்ட சட்டப் பேராசிரியர் பதவியிலிருந்து, 1855-இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரி பிறந்தது. ஆசியாவின் மிகப் பழைய சட்டக் கல்லூரி என்று அதைச் சொல்கிறார்கள். அதே ஆண்டில் சென்னையிலும் மாநிலக் கல்லூரியில் ஜான் புரூஸ் நார்ட்டன் சட்ட வகுப்பு எடுக்கத் தொடங்கினார். திலகர் 1879-இல் எல்.எல்.பி. முடித்தது பம்பாயில்தான். இங்கே விருந்து கிடையாது, பட்டுத் தொப்பி கிடையாது. பட்டமும் கட்டணமும் இருந்தால் போதும். பகலெல்லாம் ஆபீஸில் சுருக்கெழுத்து எழுதியவரும் கணக்குப் பார்த்தவரும் காலை வகுப்பையோ மாலை வகுப்பையோ பிடித்துச் சட்டம் படித்த நகரம் அது. மாதுங்காவில் அறை எடுத்துத் தங்கிய தமிழ் ஸ்டெனோகிராஃபர்களுக்கு அது இயல்பான அடுத்த படி.

லண்டன் வாசல் இதற்கிடையில் இறுகியது. 1909 ஜூலை 1 அன்று அங்கே ஆங்கிலேய அதிகாரி கர்சன் வைலியை இந்திய மாணவர் மதன்லால் திங்ரா சுட்டுக் கொன்றார். அந்த ஆண்டே இந்திய மாணவர்களுக்கென்று இந்தியா ஆபீஸ் ஒரு தகவல் அலுவலகம் திறந்து, டி.டபிள்யூ. ஆர்னால்டை அதன் பொறுப்பில் வைத்திருந்தது. வழிகாட்டுவது என்று பெயர். கண்காணிப்பது என்றுதான் மாணவர்கள் அதை உணர்ந்தார்கள். தேர்வுகளை முடித்திருந்த சாவர்க்கரை பாரிஸ்டராக அழைக்க கிரேஸ் இன் மறுத்தது. லிங்கன்ஸ் இன்னில் படித்த வரகனேரி வ.வே.சு. ஐயர் பாரிஸ்டர் ஆகாமலே தப்பி, 1910-இல் பாண்டிச்சேரி வந்து சேர்ந்தார். நல்ல பெயர் என்பது அரசின் பார்வையில் அடங்கிப் போகிறவன் என்றாகிவிட்ட காலம்.

பெண்ணுக்கு வாசலே இல்லை. 1903-இல் பெர்த்தா கேவ் என்ற ஆங்கிலப் பெண்ணை கிரேஸ் இன் திருப்பி அனுப்பியது. அவரது தகுதியில் குறை காணவில்லை, பெண் என்பது ஒன்றே காரணம். 1919-இல் பிரிட்டிஷ் சட்டம் மாறியது. அதே ஆண்டில், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொல்ல, தாய் ஹீராபாயோடு பம்பாயிலிருந்து லண்டன் போயிருந்தார் மிதன் டாட்டா. அப்படியே அங்கே தங்கி, லிங்கன்ஸ் இன்னில் சேர்ந்து, 1923-இல் பாரிஸ்டரானார். பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் பாரிஸ்டர் அவரே. பிறகு அரசு சட்டக் கல்லூரியில் பாடமும் நடத்தினார். அவரைப் பார்த்துச் சட்டம் படிக்க வந்த பெண்களுக்கு, யாரிடமும் கடிதம் வாங்க வேண்டிய அவசியம் குறைந்தது.

சாதியின் கதை இன்னும் கூர்மையானது. அம்பேத்கர் 1916-இல் கிரேஸ் இன்னில் சேர்ந்தார். பரோடா உதவித்தொகை முடிந்துபோனதால் 1917-இல் படிப்பை விட்டுத் திரும்ப நேர்ந்தது. பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானபோது, ஆசிரியர்களுக்கான தண்ணீர்ப் பானையை அவர் தொடுவதைச் சக ஆசிரியர்கள் சிலர் எதிர்த்தார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து 1920-இல் மீண்டும் கப்பலேறி, 1922-இல் பாரிஸ்டரானார். 1935-இல் அரசு சட்டக் கல்லூரி முதல்வரின் நாற்காலி அவருடையது. பானையைத் தொடக்கூடாது என்று சொன்ன நகரத்தில், யாரைச் சட்ட மாணவராகச் சேர்ப்பது என்ற கையெழுத்து அவர் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு கல்லூரி இதழில் பம்பாய் மாகாணத்தின் சட்டக் கல்வியைச் சீர்திருத்துவது பற்றி நீண்ட கட்டுரையே எழுதினார். இந்தியச் சட்டக் கல்வியின் வரலாற்றில் அவர் முதல்வராக இருந்த அந்த ஆண்டுகளுக்கு இன்னும் பெரிய இடம் தர வேண்டும்.

பத்து ஆண்டு கழித்து, யாரைச் சேர்ப்பது என்ற இதே கேள்வி அமெரிக்காவில் எழுந்தது. ஹூஸ்டனில் தபால்காரராக இருந்த ஹெமன் ஸ்வெட், 1946 பிப்ரவரியில் டெக்சஸ் பல்கலைக்கழகத் தலைவர் பெயின்டரின் அறைக்கு, மதிப்பெண் பட்டியலோடும் கறுப்பின அமைப்பின் பிரதிநிதிகளோடும் நேரில் போனார். தகுதி எல்லாம் சரி, நிறம்தான் தடை என்று பதில் வந்தது. அவருக்காகவே மாநிலம் அவசரமாகத் தனிச் சட்டப் பள்ளி ஒன்றைத் திறந்தது. தர்குட் மார்ஷல் வாதாடிய வழக்கில், 1950 ஜூன் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவரை டெக்சஸ் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியிலேயே சேர்க்கச் சொன்னது. ஒரு சட்டக் கல்லூரியைப் பார்க்கப் போன பயணம் ஒரு நாட்டின் சட்டத்தை மாற்றிய நிகழ்வு அது.

பம்பாயிலேயே இன்னொரு வாசல் தற்செயலாகத் திறந்தது. சிறு வயதில் திக்குவாயோடு போராடிய நானி பால்கிவாலா விரும்பியது பல்கலைக்கழக விரிவுரையாளர் வேலை. அது வேறொருவருக்குப் போயிற்று. மற்ற படிப்புகளுக்குச் சேர்க்கை முடிந்துவிட்ட நேரம் அது. சேர இடம் கிடைத்தது அரசு சட்டக் கல்லூரியில். 1946-இல் வழக்கறிஞரானவர், பின்னாளில் கேசவானந்த பாரதி வழக்கில் நாள்கணக்காக வாதாடினார். அன்று நேர்முகத்தில் பேச்சுத் திறமையைப் பார்த்துத்தான் சேர்ப்போம் என்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியாது.

இன்று யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. மகாராஷ்டிரத்தில் 2016 முதல் சட்டப் படிப்புக்கு மாநில நுழைவுத் தேர்வு. பெரும்பாலான தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு 2008 முதல் கிளாட் என்ற நுழைவுத் தேர்வு. தரவரிசை எண்தான் பேசுகிறது. இது பெரிய முன்னேற்றம். அம்பர்நாத் தீப்பெட்டி ஆலையிலும் ஆயுதத் தொழிற்சாலையிலும் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பத்தின் பேத்திக்கு நௌரோஜிக்கு எழுதிய கடிதம் தேவையில்லை. விடியுமுன் கிளம்பும் லோக்கலில் அறுபது கிலோமீட்டர் போய் இறங்கினால் தெற்கு மும்பைக் கல்லூரிகள் எட்டும் தூரம்தான். ஆனால் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைக்கும் அண்ணனுக்கு வழி சுருங்கிவிட்டது. வகுப்புகள் காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில்தான் நடக்க வேண்டும் என்று வழக்கறிஞர் பேரவையின் 2008 விதிகள் சொல்கின்றன. ஸ்டெனோகிராஃபர்களை வழக்கறிஞராக்கிய மாலை வகுப்பின் காலம் அதோடு முடிந்தது.

கல்லூரிக்குள் நுழையும் நாளில் நல்ல பெயர் வாங்கித் தருவது இப்போது சட்டையல்ல, ஃபைல். அதிலும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு கூடுதல் தாள் தேவைப்படுகிறது. தமிழ்நாட்டில் வாங்கிய சாதிச் சான்றிதழால் மகாராஷ்டிரத்தில் இடஒதுக்கீடு கேட்க முடியாது. பம்பாய் சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டு ஆந்திரத்திலிருந்து குடியேறியவர் தொடுத்த மார்ரி சந்திரசேகர ராவ் வழக்கில், 1990-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு இதை உறுதி செய்தது. இங்கேயே பட்டியல் சாதிச் சான்றிதழ் வாங்க வேண்டுமென்றால், முன்னோர் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே இந்த மாநிலத்தில் குடியிருந்ததைக் காட்ட வேண்டும். ஆகவே தரவரிசை வந்த மறுநாள், வீட்டில் தேடப்படுவது புதுச் சட்டையல்ல. தாத்தாவின் பழைய ஆலைச் சம்பளச் சீட்டு, பள்ளியிலிருந்து விலகிய சான்றிதழ், வாடகை ரசீது என்று ஒன்றொன்றாகப் பரணிலிருந்து இறங்கும். ஏதாவது ஒன்றில் 1950-க்கு முந்தைய தேதி இருந்தால், சான்றிதழுக்கான வேலை தொடங்கும்.