கொம்புடைய மோசே: ஒரு சொல்லும் ஒரு சிற்பமும்

பிரான்சு நாட்டின் திஜோன் நகரையடுத்த ஷாம்மோல் என்னுமிடத்தில், பர்கண்டிக் கோமகன் துணிவுடைய ஃபிலிப் 1383இல் கார்த்தூசியத் துறவியர்க்கென ஒரு மடத்தை நிறுவினான். அம்மடத்துக் கிணற்றின் நடுவே நிறுத்துவதற்காக, ஆர்லெம் நகரில் பிறந்த கிளாஸ் ஸ்லூட்டர் என்னும் சிற்பி 1395இல் தொடங்கிச் சில ஆண்டுகளில் உருவாக்கிய கற்சிற்பத் தொகுதியே ‘மோசேயின் கிணறு’ எனப் பிற்காலத்தில் பெயர்பெற்றது. அதன் உச்சியிலிருந்த சிலுவைக் காட்சி சிதைந்துவிட்டது. மோசே, தாவீது, எரேமியா, சகரியா, தானியேல், ஏசாயா ஆகியோர் சூழ நிற்கும் அறுகோணப் பீடமே இன்று எஞ்சியுள்ளது.

அறுவரும் கிறிஸ்துவின் பாடுகளை முன்னுரைப்பதாகக் கொள்ளப்பட்ட மறைமொழிகள் எழுதிய சுருளேட்டை ஏந்தியுள்ளனர். ஆயினும் பொருளை உணர்த்துவன எழுத்துகள் மட்டுமல்ல. தானியேல் தன் ஏட்டை விரலால் சுட்டி வாதிடுகிறான். வழுக்கைத் தலையனாகிய ஏசாயா தளர்ந்து நிற்கிறான். எரேமியா நூலொன்றில் ஆழ்ந்திருக்கிறான். அவனுக்கு உலோக மூக்குக்கண்ணாடியும் பொருத்தப்பட்டிருந்ததென அரண்மனைக் கணக்குகளால் அறிகிறோம். சிற்பங்களுக்கு வண்ணம் தீட்டியவர் ழான் மலுவேல்.

மோசேயின் நெற்றிக்கு மேல் இரு கொம்புகள் உள்ளன. இவற்றின் மூலம் ஒரு மொழிபெயர்ப்பாகும். யாத்திராகமம் 34ஆம் அதிகாரத்தில் மலையிலிருந்து இறங்கிய மோசேயின் முகத்தைக் குறிக்கும் எபிரேய வினை ‘காரன்’ என்பது. அது கொம்பைக் குறிக்கும் ‘கேரென்’ என்னும் பெயரோடு வேர் ஒற்றுமை உடையது. கிரேக்க எழுபதின்மர் பெயர்ப்பு இதனை மகிமையடைந்ததாகக் கொண்டது. ஜெரோம் தம் இலத்தீன் பெயர்ப்பில் ‘கோர்னூத்தா’, அதாவது கொம்புடையது, என்றார்.

இதனை வெறும் பிழையெனத் தள்ளுவது அவசர முடிபாகும். ஜெரோமுக்கு முன்னரே அக்கிலா கிரேக்கத்தில் இவ்வாறு பெயர்த்திருந்தார். எபிரேய மறைநூலில் கொம்பு வலிமைக்கும் உயர்வுக்கும் அடையாளம். ஜெரோம் வேர்ப்பொருளைப் பேணினார் என்பதே பொருந்தும். இலத்தீன் பயின்றோர் உருவகத்தை உருவமாகவே கண்டனர். பதினோராம் நூற்றாண்டு இங்கிலாந்து ஏட்டோவியங்களிலேயே கொம்புடைய மோசே தோன்றிவிடுகிறான்.

ஸ்லூட்டரின் கைக்கு வந்தபோது இது மூன்று நூற்றாண்டுப் பழக்கம். அவர் சுருக்கம் விழுந்த நெற்றி, பிளவுண்டு தாழும் தாடி, கனத்த ஆடைமடிப்பு ஆகியவற்றால் மோசேக்கு அளித்த பெருமிதத்தில் கொம்புகள் நகைப்புக்கிடமாவதில்லை. முகம் பிரகாசித்தது எனத் தமிழ் விவிலியத்தில் படித்தவர்க்கோ அவை புதிராகும். இச்சிற்பத்தைத் தமிழில் விளக்க முற்படுவோர் ‘கொம்புடைய’ என்னும் அடைக்கு ஒரு குறிப்பேனும் சேர்த்தல் இன்றியமையாதது.