புகைக்கூடத்தில் மறைந்த வெப்பம்

‘சூடு’ என்னும் ஒரே சொல்லால் வெப்பத்தையும் வெப்பநிலையையும் சேர்த்தே வழங்குவது நம் பழக்கம். இவ்விரண்டும் வேறென்பதைக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 1760களில் ஜோசப் பிளாக் என்னும் பேராசிரியர் தெளிவுபடுத்தினார். பனிக்கட்டி உருகும்போதும் நீர் கொதிக்கும்போதும் வெப்பம் தொடர்ந்து உட்செல்கிறது, வெப்பமானியோ அசைவதில்லை. அவ்வாறு மறையும் வெப்பத்திற்கு ‘உள்ளுறை வெப்பம்’ என்று தமிழில் பெயரிட்டவர் வாழ்க! தொல்காப்பியர் கூறும் உள்ளுறை உவமத்தை அறிந்தோர்க்கு இச்சொல்லை விளக்க வேண்டியதே இல்லை.

பேராக்கில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டா. கிந்தா பள்ளத்தாக்கின் வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகும். முழுதும் உருகித் தீரும்வரை அந்த அளவைத் தாண்டாது. ஆயினும் நம்மவர் நெருங்கி அறிந்தது ஈய உலை அன்று, தோட்டத்துப் புகைக்கூடமே.

1877-இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர்த் தோட்டங்கள் மாநிலமெங்கும் பரவின. தமிழ்க் குடும்பங்கள் அங்குக் குடியேறின. விடியுமுன் மரம் சீவி, மங்கில் சேர்த்த பாலில் பாதிக்கு மேல் நீரே. அமிலமிட்டு உறையவைத்து, உருளைகளில் பிழிந்து தகடாக்கிய பின்னும் ஈரம் எஞ்சும். அதனைப் போக்கவே புகைக்கூடத்தில் நாள்கணக்கில் விறகு எரிந்தது.

அங்கு வெப்பநிலை 60 பாகையைத் தாண்டவிடமாட்டார்கள். நீர் கொதிக்காது, ஆனால் ஆவியாகும். ஒரு கிலோ நீரை 28 பாகையிலிருந்து 50 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 92 கிலோஜூல் போதும். அதே நீரை 50 பாகையிலேயே ஆவியாக்க ஏறத்தாழ 2,380 கிலோஜூல் வேண்டும். ஏறத்தாழ இருபத்தாறு மடங்கு! ஈரத் தகடு ஏற்ற வெப்பத்தின் பெரும்பகுதி வெப்பமானியில் தெரியாமலே ஆவியோடு கூரைத் திறப்பின் வழியே வெளியேறியது. திறப்பை அடைத்தால் ஈரக்காற்று தேங்கி, தகடு உலராது. முதல் நாளிலேயே தீயை மிகுத்தால் தகட்டினுள் குமிழிகள் தோன்றித் தரம் குறையும். இரவெல்லாம் அடுப்பைக் காத்தவர்கள் இக்கணக்கை ஏட்டில் எழுதவில்லை, விறகில் கற்றிருந்தார்கள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போனபின் அக்கூடங்கள் பல மறைந்தன. 2003-இல் அறிவியல் ஆங்கிலவழிக்கு மாற்றப்பட்டபோது ‘வெப்பநிலை’ என்னும் சொல்லும் சில ஆண்டுகள் நம் வகுப்பறைக்கு வெளியே நின்றது. அவ்வாண்டுகளில் பயின்றவர்கள் இன்று பெற்றோராகி வருகின்றனர். உங்கள் வீட்டில் புகைக்கூடத்தில் உழைத்த தாத்தாவோ பாட்டியோ இருப்பின், முதல் நாள் தீயை ஏன் அடக்கி வைத்தீர்கள் என்று பிள்ளைகள் அவர்களிடம் கேட்கட்டும். விடையை வகுப்பிற்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.