எச்சரித்துவிட்டுத் தொடரலாமா? மெய்நிகர் கணினிகளில் நிலைநினைவகமும் அதன் உத்தரவாதமும்

கியூஎமு என்னும் திறமூல மென்பொருளில் மெய்நிகர் கணினி ஒன்றைத் தொடங்குகிறவர், பெர்சிஸ்டென்ட் மெமரி எனப்படும் நிலைநினைவகத்தையும் அதற்குச் சேர்த்துக் கொடுக்கலாம். கட்டளை வரியில் ‘பிமெம்’, ‘ஷேர்’ ஆகிய இரண்டு விருப்பங்களையும் ‘ஆன்’ என்று எழுதி, பின்புலமாக ஒரு கோப்பைக் காட்டினால் போதும். அந்தக் கோப்பு சாதாரண எஸ்எஸ்டியில் கிடந்தால் என்ன ஆகும்? கியூஎமு ஓர் எச்சரிக்கையை அச்சிடும். கேட்ட நிலைப்பு கிடைக்கவில்லை, அது இல்லாமலே தொடரப்படுகிறது, மெய்நிகர் கணினியைத் தாங்கும் ஹோஸ்ட் விழுந்தால் தரவு கெடலாம் என்பது அதன் சாரம். பிறகு மெய்நிகர் கணினி ஓடத் தொடங்கிவிடும். உள்ளே இயங்கும் கெஸ்ட் இயக்குதளத்துக்கு இந்தச் செய்தி எட்டுவதே இல்லை. தன்னிடம் என்விடிம் என்னும் நிலைநினைவகச் சாதனம் இருப்பதாக அது காண்கிறது. அதன்மேல் ஓடும் தரவுத்தளமும் அதையே நம்பிக் கணக்கை முடிக்கிறது.

அந்த எச்சரிக்கை போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். நிலைநினைவகத்தைப் பொறுத்தவரை மெய்நிகராக்கும் மென்பொருள் உண்மையைச் சொல்லக்கூடிய நேரம் தொடக்கம் மட்டுமே. அதற்குப் பிறகு ஒவ்வொரு எழுத்தின்போதும் அது வழியிலேயே இருப்பதில்லை. எனவே உத்தரவாதம் தர முடியாதபோது தொடங்க மறுப்பதுதான் சரியான நடத்தை.

வன்பொருளின் வரலாறு சுருக்கமானது. இன்டெலும் மைக்ரானும் 3டி எக்ஸ்பாயின்ட் தொழில்நுட்பத்தை 2015 ஜூலையில் அறிவித்தன. டிராம் செருகும் அதே இடத்தில் செருகக்கூடிய ஆப்டேன் நினைவகம், 128, 256, 512 ஜிபி அளவுகளில் 2019 ஏப்ரலில் சந்தைக்கு வந்தது. சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குழு அளந்து பார்த்தபோது, தாறுமாறான இடங்களிலிருந்து வாசிக்க அதற்குச் சுமார் 300 நானோவினாடி பிடித்தது. டிராமைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தாமதம். ஆனால் எஸ்எஸ்டிகள் மைக்ரோவினாடிக் கணக்கில் எண்ணப்படுபவை. 2022 ஜூலையில் இன்டெல் இந்தத் தொழிலை மூடுவதாக அறிவித்து, கையிருப்புச் சரக்கின் மதிப்பில் 55.9 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. கடை மூடிய சரக்குக்கு இவ்வளவு வாதம் தேவையா என்று கேட்கலாம். தேவைதான். டிராமையும் ஃபிளாஷையும் ஒரே பலகையில் சேர்த்த என்விடிம்-என் வகை இன்னும் இருக்கிறது. 2020இல் வெளியான சிஎக்ஸ்எல் 2.0 தரவரையறை நிலைநினைவகத்துக்கென்றே ஃப்ளஷ் வழிமுறை ஒன்றை வகுத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆப்டேனுக்காக லினக்ஸிலும் கியூஎமுவிலும் எழுதப்பட்ட இடைமுகங்கள் அப்படியே நிற்கின்றன. அடுத்து வரும் சாதனமும் அதே கதவு வழியாகத்தான் நுழையும்.

செயலி ஒரு மதிப்பை எழுதினால் அது முதலில் கேச்சில்தான் விழுகிறது. அங்கிருந்து 64 பைட் கொண்ட வரிகளாக, செயலிக்குத் தோன்றிய நேரத்தில், தோன்றிய வரிசையில் நினைவகத்துக்கு இறங்கும். மின்சாரம் போகிற கணத்தில் எது இறங்கியிருந்தது, எது இறங்கவில்லை என்று நிரல் எழுதியவரால் சொல்ல முடியாது. இன்டெலின் ஏடிஆர் ஏற்பாடு, மின்வெட்டின்போது நினைவகக் கட்டுப்படுத்தியின் வரிசையில் நிற்கும் தரவை நினைவகத்தில் கொண்டு சேர்த்துவிடும். செயலியின் கேச்சைத் தொடாது. ஆகவே நிரலே சிஎல்டபிள்யூபி என்ற கட்டளையால் கேச் வரியைக் கீழே தள்ளி, எஸ்ஃபென்ஸ் போட்டுக் காத்திருக்க வேண்டும். இதற்கு மேலும் பிகமிட் என்றொரு கட்டளை திட்டத்தில் இருந்தது. ஏடிஆர் எல்லாத் தளங்களுக்கும் கட்டாயமானதால் 2016இல் அதைக் கைவிட்டார்கள். 2021இல் வந்த மூன்றாம் தலைமுறை ஜியான் செயலிகளோடு ஈஏடிஆர் வந்தது. அது உள்ள இடங்களில் மின்வெட்டின்போது கேச்சும் காலிசெய்யப்படும்.

இவற்றை மெய்நிகர் கணினிக்குள் கொண்டுவரும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. கெஸ்ட் வழக்கமான வட்டில் எழுதினால், ‘இதுவரை எழுதியதை நிலைக்கச் செய்’ என்ற கட்டளை மெய்நிகராக்கியின் கைக்கு வந்தே தீரும். அது அந்தக் கட்டளையை நிறைவேற்றலாம், விழுங்கவும் செய்யலாம். விர்ச்சுவல்பாக்ஸின் கையேடு, ஐடிஇ வட்டுகளுக்கு வரும் ஃப்ளஷ் கோரிக்கைகள் வேகத்துக்காக வழக்கமாகப் புறக்கணிக்கப்படுகின்றன என்று வெளிப்படையாகச் சொல்கிறது. கியூஎமுவிலும் ஃப்ளஷை முற்றாகப் புறக்கணிக்கும் கேச் முறை உண்டு. அதற்கு ‘அன்சேஃப்’ என்றே பெயரிட்டிருக்கிறார்கள், அந்த மட்டுக்கும் நாணயம். நிலைநினைவகத்தின் கதை வேறு. கெஸ்டின் முகவரிகள் பக்க அட்டவணைகள் வழியாக ஹோஸ்ட் நினைவகத்தோடு நேரடியாகப் பிணைக்கப்படுகின்றன. கெஸ்டுக்குள் சிஎல்டபிள்யூபி ஓடும்போது கட்டுப்பாடு மெய்நிகராக்கிக்குத் திரும்புவதில்லை. வன்பொருள் அதை நேரே செய்து முடிக்கிறது. வேகம் அத்தனையும் இந்த விலகலில்தான் கிடைக்கிறது. ஆனால் எஸ்எஸ்டிக் கோப்பைப் பின்புலமாக வைத்தவரின் கெஸ்டிலும் அதே கட்டளை அதே வேகத்தில் வெற்றிகரமாக முடியும். தள்ளப்பட்ட கேச் வரி போய்ச் சேர்வது ஹோஸ்டின் பேஜ் கேச்சில், அதாவது சாதாரண டிராமில். தவறு நடந்ததற்கான தடயம் எங்கும் இராது.

கணினி ‘விழுவது’ என்பதும் ஒரே வகையன்று. மேற்சொன்ன அமைப்பில் கெஸ்டின் கெர்னல் மட்டும் நொறுங்கினால் தரவுக்கு ஒன்றும் ஆகாது. கியூஎமு செயல்முறையையே கொன்றாலும், ‘ஷேர்’ ஆனில் இருக்கும்வரை, எழுதப்பட்ட பக்கங்கள் ஹோஸ்ட் கெர்னலிடம் பத்திரமாக இருக்கும். அது பிறகு வட்டில் எழுதிவிடும். ஹோஸ்ட் கெர்னல் நொறுங்கும்போது அல்லது மின்சாரம் போகும்போதுதான் உண்மை தெரியவரும். லினக்ஸின் இயல்பமைப்பில் மாறிய பக்கங்கள் 30 வினாடி வயதான பிறகே எழுதப்பட வேண்டியவையாகக் கருதப்படுகின்றன. போவது கடைசி அரை நிமிடத்து வேலை மட்டும் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கெஸ்ட் கவனமாக நிறுத்தி நிறுத்தி எழுதிய வரிசை ஹோஸ்ட் கெர்னலுக்குத் தெரியாது. அது தன் வசதிப்படி எழுதும். தரவுத்தளத்தின் பக்கம் வட்டை அடைந்திருக்கும், அதற்கு முன்பே அடைந்திருக்க வேண்டிய பதிவேடு அடைந்திருக்காது. கிடைப்பது பழைய தரவன்று, முரண்பட்ட தரவு. ‘ஷேர்’ ஆஃப் என்றால் நிலைமை இன்னும் மோசம். கெஸ்ட் எழுதுவதெல்லாம் தனிப் பிரதியில் போகும். ஒழுங்காக நிறுத்தினாலும் கோப்பில் எதுவும் ஏறாது. கோப்புப் பின்புலத்துக்கு ஆஃப்தான் கியூஎமுவின் இயல்புநிலை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நிரலாளர்கள் வழக்கமாகச் செய்யும் சோதனை, செயல்முறையைக் கொன்றுவிட்டுத் திரும்பத் தொடங்கிப் பார்ப்பது. இந்த அமைப்பு அதில் தேறிவிடும் என்பதுதான் ஆபத்து.

பின்புலமாக உண்மையான நிலைநினைவகமே இருந்தாலும் வேலை முடிவதில்லை. அதன்மேல் எக்ஸ்ட்4 அல்லது எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையை டாக்ஸ் முறையில் ஏற்றினால் பேஜ் கேச் விலகிவிடும். எழுத்து நேரே சாதனத்துக்குப் போகும். கெஸ்ட் புதிய இடம் ஒன்றில் எழுதும்போது, கோப்பு முறைமை அந்த இடத்துக்கு ஒரு தொகுதியை ஒதுக்குகிறது. அந்த ஒதுக்கீடு ஜர்னலில் ஏறி உறுதிப்படச் சிறிது நேரமாகும். அதற்குள் கெஸ்ட் தன் தரவைக் கேச்சிலிருந்து தள்ளி, பத்திரம் என்று நினைத்துக்கொள்கிறது. அந்த நொடியில் மின்சாரம் போனால் பைட்டுகள் சாதனத்தில் இருக்கும். அவை இந்தக் கோப்பைச் சேர்ந்தவை என்ற குறிப்பு இராது. வீடு கட்டிக் குடியேறியாயிற்று, பட்டா மட்டும் பெயருக்கு மாறவில்லை என்பது போன்ற நிலை.

இதற்கான விடைதான் மேப்-சிங்க். சூசே நிறுவனத்தின் ஜான் காரா உருவாக்கிய இந்த வசதி, 2018 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 4.15இல் சேர்ந்தது. இந்தக் கொடியோடு பிணைத்த கோப்பில் ஒரு பக்கத்தில் முதன்முதலாக எழுத முயன்றால், ஒதுக்கீட்டுக் குறிப்புகள் உறுதிப்பட்ட பிறகே எழுத்தை அனுமதிக்கும். இதைச் சேர்க்கும்போது கெர்னல் குழுவுக்கு ஒரு பழைய தலைவலி குறுக்கே வந்தது. எம்மேப் அழைப்பு, தனக்குத் தெரியாத கொடிகளைச் சத்தமில்லாமல் தள்ளிவிடும் வழக்கமுடையது. பழைய கெர்னலில் மேப்-சிங்க் கேட்டவருக்கு வெற்றி என்ற பதில் வரும், உத்தரவாதம் வராது. ஆகவே தெரியாத கொடி வந்தால் பிழை தரும் புதிய பிணைப்பு வகை ஒன்றையே உருவாக்கினார்கள். ‘மேப்-ஷேர்டு-வேலிடேட்’ என்பது அதன் பெயர். முடியாது என்று சொல்வதற்காகவே ஓர் இடைமுகத்தை விரித்திருக்கிறார்கள் என்பது இங்கே முக்கியம்.

அந்த மறுப்பைக் கியூஎமு என்ன செய்கிறது? வாங்கிக்கொள்கிறது; எச்சரிக்கையை அச்சிடுகிறது; மேப்-சிங்க், மேப்-ஷேர்டு-வேலிடேட் ஆகிய இரண்டு கொடிகளையும் கழற்றிவிட்டு மறுபடி பிணைக்கிறது. கெர்னல் பாடுபட்டு ஏற்படுத்திய பிழைச்செய்தி ஒரு வரி அறிவிப்பாகக் கரைந்துபோகிறது. உண்மையான பணிச்சூழலில் அந்த வரியையும் எவரும் பார்ப்பதில்லை. மெய்நிகர் கணினிகளைத் தொடங்குவது மனிதரல்ல, லிப்விர்ட் போன்ற மேலாண்மை அடுக்கு. கியூஎமுவின் பிழை வெளியீடு கணினிக்கு ஒன்றாக உள்ள பதிவுக் கோப்பில் போய்ச் சேரும். கியூஎமுவின் ஆவணமும், நிலைப்புக்கான நிபந்தனைகள் நிறைவேறாவிட்டால் பொருந்துதன்மைக்காக அவை கண்டுகொள்ளப்படாமல் விடப்படும் என்று ஒப்புக்கொள்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இதே ‘பிமெம்’ விருப்பம் இன்னோர் இடத்தில் கறாராக நடந்துகொள்கிறது. கெஸ்ட் மட்டுமல்ல, சில வேளைகளில் கியூஎமுவும் நிலைநினைவகத்தில் எழுத வேண்டியிருக்கும்: என்விடிம்மின் லேபிள் பகுதியை மாற்றும்போதும், வேறொரு ஹோஸ்டிலிருந்து இடம்பெயர்ந்து வரும் கெஸ்டின் நினைவகத்தை நிரப்பும்போதும். அந்த எழுத்துகளை உறுதிப்படுத்த லிப்பிமெம் நூலகம் வேண்டும். அது இல்லாமல் தொகுக்கப்பட்ட கியூஎமுவில் ‘பிமெம்’ ஆன் என்று எழுதினால், தரவின் நிலைப்புக்கு உறுதியளிக்க முடியாது என்று பிழை காட்டி நின்றுவிடும். தன் கை எழுத்துக்கு உத்தரவாதம் இல்லையென்றால் நிறுத்தம். கெஸ்டின் எழுத்துக்கு இல்லையென்றால் எச்சரிக்கை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தால் நியாயம் தலைகீழாகத் தெரிகிறது. அளவில் பெரியது கெஸ்டின் எழுத்துதான்.

இன்னொரு விருப்பத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். மின்வெட்டில் கேச் வரை காக்கப்படுமா, நினைவகக் கட்டுப்படுத்தி வரை மட்டுமா என்பதை ஏசிபிஐயின் என்ஃபிட் அட்டவணை இயக்குதளத்துக்குத் தெரிவிக்கும். மெய்நிகர் கணினியில் அந்த அட்டவணையைத் தயாரிப்பது கியூஎமு. அதில் என்ன எழுதுவது என்பதை நிர்வாகி கட்டளை வரியில் சொல்கிறார். ஏடிஆர் மட்டுமே உள்ள ஹோஸ்டில் அவர் ‘சிபியு’ என்று எழுதிவிட்டால், கெஸ்டுக்குள் இருக்கும் லினக்ஸ் கேச்சைத் தள்ளும் வேலையையே விட்டுவிடும். இங்கே எச்சரிக்கைகூட வராது. ஹோஸ்ட் கெர்னல் தன் நிலைப்பு எல்லையைச் சிஸ்எஃப்எஸ் கோப்பில் காட்டுகிறது. நிர்வாகி கண்ணால் பார்த்துத் தட்டச்சு செய்வதைவிட, கியூஎமுவே அதைச் சரிபார்ப்பது கடினமன்று.

நேர்மையான வடிவமைப்பு எப்படியிருக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். ரெட் ஹாட்டின் பங்கஜ் குப்தா உருவாக்கிய வெர்ட்ஐஓ-பிமெம் 2019இல் லினக்ஸ் 5.3இலும் கியூஎமு 4.1இலும் சேர்ந்தது. சாதாரண எஸ்எஸ்டிக் கோப்பையே பின்புலமாகக் கொண்டு, கெஸ்டின் பேஜ் கேச்சைத் தவிர்ப்பது அதன் நோக்கம். எழுதியதை நிலைக்கச் செய்யும் எஃப்சிங்க் அழைப்பைக் கெஸ்ட் விடுத்தால், கோரிக்கை ஒரு வரிசை வழியாக ஹோஸ்டுக்கு வரும். ஹோஸ்ட் அந்தக் கோப்பை எஃப்சிங்க் செய்து பதில் தரும். கேச்சைத் தள்ளினால் மட்டும் இங்கே தரவு நிலைக்காது. அதனால் இந்தச் சாதனத்தின் மேலுள்ள எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் கோப்புகளில் கெஸ்ட் நிரல் மேப்-சிங்க் கேட்டால், கெஸ்ட் கெர்னலே மறுத்துவிடும். வேகம் குறைவுதான்; ஆனால் இல்லாததை இருப்பதாக எந்த அடுக்கும் சொல்வதில்லை.

எதிர்வாதம் வலுவற்றதன்று. மடிக்கணினியில் நிலைநினைவக நிரல்களை எழுதிப் பழகுவோருக்குப் போலிச் சாதனம் தேவை. ஆய்வாளர்களுக்கும் தேவை: கார்ல்ஸ்ரூவே தொழில்நுட்பக் கழகத்தில் உருவான வின்டர் என்ற கருவி, கியூஎமுவை அடிப்படையாகக் கொண்ட தளத்தில் கோப்பு முறைமைகளை ஓட்டி, மின்வெட்டுக்குப் பின் எஞ்சக்கூடிய நிலைகளை உருவாக்கிச் சோதிக்கிறது. இவர்களுக்கு மறுப்பு இடைஞ்சல்தான். ஆனால் அவர்களுக்கு வழி ஏற்கெனவே இருக்கிறது: ‘பிமெம்’ ஆஃப். ஆன் என்று எழுதியவர் உத்தரவாதத்தைக் கேட்டிருக்கிறார். இருந்தால் பயன்படுத்து, இல்லாவிட்டால் பரவாயில்லை என்பவர்களுக்கு, கியூஎமுவின் பல விருப்பங்களில் ‘ஆட்டோ’ என்ற மூன்றாம் நிலை உண்டு. இங்கும் அதைச் சேர்க்கலாம். பொருந்துதன்மையைவிட நிலைப்பு பெரிது என்று முடிவெடுத்த முன்னுதாரணமும் இருக்கிறது. எஃப்சிங்க் ஒருமுறை தோற்றபின் மறுமுறை வெற்றி என்று லினக்ஸ் சொல்லக்கூடும் என்பது போஸ்ட்கிரெஸ் குழுவுக்கு 2018இல் தெரியவந்தது. 2019 பிப்ரவரி வெளியீடுகளிலிருந்து, எஃப்சிங்க் தோற்றால் தரவுத்தளம் தன்னையே வீழ்த்திக்கொண்டு பதிவேட்டிலிருந்து மீளும். பழைய நடத்தை வேண்டுவோர் அதைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும்.

மறுப்பு அதிக விலை கேட்பதாகத் தோன்றும் இடம் இடம்பெயர்வு. ஓடிக்கொண்டிருக்கும் கெஸ்டை டாக்ஸ் வசதியுள்ள ஹோஸ்டிலிருந்து அது இல்லாத ஹோஸ்டுக்கு நகர்த்தினால், கெஸ்ட் தொடங்கும்போது படித்த என்ஃபிட் அட்டவணை மாறாது. அதன் நம்பிக்கையும் மாறாது. இலக்கில் எச்சரிக்கையோடு கியூஎமு தொடங்கினால் இடம்பெயர்வு வெற்றியாக முடியும், மூலத்திலுள்ள செயல்முறை விடைபெறும், நடப்புத் தரவைத் தாங்கிய ஒரே பிரதி இலக்கின் பேஜ் கேச்சில் இருக்கும். இலக்கில் கியூஎமு தொடங்க மறுத்தாலோ, இடம்பெயர்வு மட்டும் தோற்கும். கெஸ்ட் மூல ஹோஸ்டில், உண்மையான நிலைநினைவகத்தின் மேல், இடையறாமல் ஓடிக்கொண்டிருக்கும். நிர்வாகியின் திரையில் ஒரு பிழைச்செய்தி வரும், அவர் வேறு ஹோஸ்டைத் தேடுவார்.