இடிந்ததை எடுத்துக் கட்டியவர்கள்

புதுக்கோட்டை நகருக்குக் கிழக்கே, ஆலங்குடி வட்டத்தில் உள்ளது கீரமங்கலம். மலர்ச் சாகுபடிக்கும் தென்னந்தோப்புகளுக்கும் பெயர் பெற்ற ஊர் அது. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கரையேறிய கஜா புயல், அவ்வட்டாரத்துத் தோப்புகளை ஒரே இரவில் சாய்த்துவிட்டது. தந்தையும் பாட்டனும் நட்ட மரங்கள் வேரோடு கிடந்த காலைப்பொழுதில், ஒவ்வொரு குடும்பத்தின் முன்னும் ஒரே வினா நின்றது: நிலத்தை விட்டு வேறு தொழில் தேடுவதா, மீண்டும் கன்று நடுவதா? தென்னை நட்டவுடன் பயன் தருவதன்று. காய்ப்புக்கு வரச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அவ்வூர் மக்கள் பலர் சாய்ந்த மரங்களை அகற்றிக் கன்று நட்டனர். அடுத்த ஆண்டே, அப்பகுதி இளைஞர்கள் தாமே பொருள் திரட்டிக் குளங்களைத் தூர்வாரத் தொடங்கினர்.

கட்டிய அமைப்பு சரியும்போது பொறுப்பில் இருப்பவர் செய்யத்தக்கது யாது என்னும் இவ்வினாவை, அதே மாவட்டத்தில் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் நம் சமயத்தைச் சார்ந்த ஒருவரும் எதிர்கொண்டார். அவர் அளித்த விடை சித்தன்னவாசலில் கல்லில் உள்ளது.

புதுக்கோட்டைக்கு வடமேற்கே உள்ள சித்தன்னவாசல் குன்றின் உயரத்தில் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகை இருக்கிறது. அங்கே 17 கற்படுக்கைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் கி.மு. முதல் நூற்றாண்டளவில் பொறிக்கப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு, எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒரு துறவிக்கு, வேறோர் ஊரைச் சார்ந்த இளையர் என்பவர் உறைவிடம் அமைத்துத் தந்ததைக் கூறுகிறது. எருமிநாடு என்பது இன்றைய மைசூர்ப் பகுதி என்பது அறிஞர் கருத்து. தொலைவிலிருந்து வந்த துறவிக்கு இல்லறத்தார் ஒருவர் இடம் செய்து தந்தார். அறநிலையம் ஒன்று அவ்வாறு தொடங்கியது. ஏழாம் நூற்றாண்டுக்குப் பிந்தைய எழுத்துகளில் திருநீலன், திட்டைச்சரணன், ஸ்ரீபூர்ணசந்திரன் முதலிய தவத்தோர் பெயர்களும் அங்கே காணப்படுகின்றன. எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் அவ்விடம் கைவிடப்படாமல் விளங்கியது என்பதற்கு அப்பெயர்களே சான்று.

அந்த எழுநூறு ஆண்டுகளின் இறுதிப்பகுதி நம் முன்னோர்க்கு எளிதாக அமையவில்லை. பக்தி இயக்கம் தமிழகமெங்கும் பரவியது. பாண்டியன் நின்றசீர் நெடுமாறன் சமணத்தை விட்டுச் சைவம் தழுவினான் என மரபு கூறும். அரசர் ஆதரவும் வணிகர் கொடையும் வேறு திசைகளில் பாயத் தொடங்கின. அத்தகைய காலத்தில் ஒரு நிறுவனத்தின் பொறுப்பை ஏற்பவர்க்குப் புகழ் கிட்டுவது அரிது. உழைப்பு மட்டுமே உறுதி.

ஒன்பதாம் நூற்றாண்டில், குன்றின் மேற்குச் சரிவிலிருந்த அறிவர் கோயில் என்னும் குடைவரை பழுதுற்றிருந்தது. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அதன் அகமண்டபத்தைப் புதுப்பித்து, முன்னே ஒரு முகமண்டபத்தையும் எழுப்பினார். குடைவரையின் முகப்பை அடுத்த பாறையில் செய்யுள் வடிவில் அமைந்த கல்வெட்டு இதனைத் தெரிவிக்கிறது. அவனிபசேகரன் என அதில் குறிக்கப்பெறும் பாண்டியன், 815 முதல் 862 வரையளவில் ஆண்ட ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் என்பர்.

இப்பணியின் இயல்பை நோக்குதல் வேண்டும். இளங்கௌதமன் தம் பெயர் விளங்கப் புதிய கோயில் ஒன்றை வேறிடத்தில் எடுத்திருக்கலாம். அவரோ, இருந்ததைக் காத்து, காலத்துக்கு வேண்டியதை முன்னே சேர்த்தார். செய்ததைப் பின்வருவோர் அறிய எழுதியும் வைத்தார். புதுப்பித்தல், விரிவாக்கல், ஆவணப்படுத்தல் ஆகிய இம்மூன்றும், நிலையற்ற காலத்தில் தலைமை ஏற்போர் இன்றும் செய்யவேண்டிய கடமைகளாகும்.

அக்குடைவரையின் அர்த்தமண்டபத்தில் தென்புறம் பார்சுவநாதர் திருவுருவமும், வடபுறம் ஓர் ஆசாரியரின் உருவமும் எதிரெதிரே அமைந்துள்ளன. ஆசாரியர் உருவத்தின் அருகே 'திருவாசிரியன்' என்னும் எழுத்துகள் காணப்படுகின்றன. தீர்த்தங்கரர்க்கு எதிரே ஆசிரியர்க்கும் இடம் தந்த மரபு நம்முடையது. அறம் நிலைப்பதற்கு அதனை அடுத்தவர் கையில் ஒப்படைப்பவர் இன்றியமையாதவர் என்பதை இவ்வமைப்பு நினைவூட்டுகிறது.

இளங்கௌதமன் எழுப்பிய முகமண்டபமும் காலத்தால் அழிந்தது. 20ஆம் நூற்றாண்டில் புதுக்கோட்டை அரசு, குடுமியான்மலையிலிருந்து தூண்களைக் கொணர்ந்து இன்றுள்ள முன்மண்டபத்தை அமைத்தது. புதுக்கோட்டை வரலாற்றை எழுதிய இராதாகிருஷ்ண ஐயர் 1916இல் அங்குள்ள ஓவியங்களைச் சுட்டினார். தாமரைப் பொய்கையில் பவ்வியர் மலர் கொய்யும் அவ்வோவியம் இன்று உலகறிந்தது. ஒருவர் செய்த பணி சிதைந்த இடத்தில் மற்றொருவர் தொடர்ந்தமையால்தான் அது நம் கண்களை எட்டியது.

தொடர்வார் இல்லாத இடத்தில் நிகழ்வது யாது? அதே மாவட்டத்து நார்த்தாமலையில் 'சமணர் குடகு' எனப்படும் குடைவரை ஒன்று உள்ளது. 13ஆம் நூற்றாண்டில் அது பதினெண்பூமி விண்ணகரம் என்னும் திருமால் கோயிலாக விளங்கியது. சமணத் தொடர்பு ஊரார் வழங்கும் பெயரில் மட்டும் எஞ்சியிருக்கிறது. இதில் எவரையும் குறைகூறுவதற்கில்லை. ஆள் இல்லாத இல்லத்தில் வேறொருவர் விளக்கேற்றுவது உலக இயல்பு.

இன்று நம் நிலையும் மாற்றத்தின் நடுவில்தான் இருக்கிறது. உழவும் ஆசிரியப் பணியுமே வாழ்வாக இருந்த குடும்பங்களின் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாடுகளிலும் பணிபுரிகின்றனர். ஊரில் ஜினாலயம் இருக்கிறது. வழிபாட்டுக்கு முதியோர் சிலரே வருகின்றனர். சில ஊர்களில் உபாத்தியாயர் கிடைப்பதே அரிதாகிவிட்டது. தொழில் மாறுவதால் தொண்டு அறுபட வேண்டுவதில்லை என்பதற்குப் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் எடுத்துக்காட்டு. அரசுக் கல்லூரிகளில் தத்துவம் பயிற்றிய அவர், 1936இல் நீலகேசியை உரையுடன் பதிப்பித்தார். புதிய பணி தந்த கல்வியைப் பழைய நூலின் மீட்சிக்குப் பயன்படுத்தினார்.

எனவே அறக்கட்டளைப் பொறுப்பில் உள்ள பெரியோர் ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ளத்தக்க வினாக்கள் சில உண்டு. கோயில் நிலம், திருமேனிகள், ஓலைச்சுவடிகள், கணக்குகள் ஆகியவை ஒருவர் நினைவில் மட்டும் இருக்கின்றனவா, எழுத்தில் உள்ளனவா? நமக்குப் பின் பொறுப்பேற்பவரை நாம் நலமாக இருக்கும்போதே அருகில் அமர்த்திப் பழக்கியிருக்கிறோமா? தொலைவில் வாழும் இளைஞரிடம் நன்கொடை மட்டும் கேட்கிறோமா, முடிவெடுக்கும் உரிமையும் தருகிறோமா? இளைஞர்களும் தம்மைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும்: ஆண்டுக்கொருமுறை ஊர் வந்து வணங்கிச் செல்வதோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா?

கீரமங்கலத்தில் கன்று நட்டவர்கள், காய்ப்பைக் காணும்வரை பொறுமையோடு நீர் ஊற்றவேண்டியவர்கள். இளங்கௌதமன் தாம் அமைத்த மண்டபம் எத்தனை காலம் நிற்கும் என்று அறிந்திருக்க இயலாது. வருங்காலம் உறுதியாகத் தெரிந்த பின்னரே தொடங்குவோம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. இவ்விழா நாளில் ஒன்றுகூடும் குடும்பங்கள், தத்தம் ஊர் ஜினாலயத்தில் இவ்வாண்டு புதுப்பிக்கவேண்டியது ஒன்றையும், அதனை ஏற்று நடத்தும் இளைஞர் ஒருவரையும் தேர்ந்து உரைக்குமாயின், திருவாசிரியர் மரபு நம் காலத்திலும் அறுபடாது தொடரும்.