குளூட்டன் வேண்டாம், ஈஸ்ட் வேண்டாம்... நாட்பட்ட நோயில் எதை நிறுத்துவது?

மாதக்கணக்கில் களைப்பு. சாப்பிட்டவுடன் வயிறு உப்புகிறது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தூங்கிய மாதிரியே இல்லை. மருந்தகத்துக்குப் போனால் "ரத்தத்தில் எல்லாம் நார்மல்" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

இப்படி இருப்பவரிடம் யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார்: "கோதுமையை விட்டுப் பாரேன்." இன்னொருவர் சொல்வார்: "உடம்பில ஈஸ்ட் ஏறிடுச்சு, சீனியை நிறுத்து." மறுநாளே பரோட்டா போகும், ரொட்டி போகும். அடுத்த வாரம் பழமும் இட்லியும் போகும்.

கேட்பதற்கு இரண்டு யோசனையும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் ஒன்றுக்குப் பின்னால் உறுதிசெய்யக்கூடிய ஒரு நோய் இருக்கிறது. இன்னொன்று ஆய்வுகளில் சோதித்துப் பார்த்தும் நிற்கவில்லை.

கோதுமையை இன்னும் நிறுத்தவில்லையா? அப்படியென்றால் அடுத்த பகுதியைப் படிக்கும்வரை நிறுத்தாதீர்கள்.

<b>முதலில் பரிசோதனை, பிறகுதான் பத்தியம்</b>

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம்தான் குளூட்டன். மாவைப் பிசைந்தால் இழுபடும் தன்மையைத் தருவது அதுவே. பரோட்டா மாவை வீசி வீசி மெல்லியதாக்க முடிவதும் அதனால்தான்.

பெரும்பாலோருக்கு அதனால் கெடுதல் இல்லை. சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு மட்டும் கதை வேறு. குளூட்டன் உள்ளே போனால், அவர்களுடைய நோய் எதிர்ப்பு ஆற்றல் சொந்தச் சிறுகுடலையே தாக்கும். சத்துகளை உறிஞ்சும் நுண்ணிய குடல் விரல்கள் தேய்ந்துபோகும். வயிற்றுப்போக்கு, எடை குறைவது, இரும்புச்சத்துக் குறைவு, எலும்பு பலவீனம் எல்லாம் அதன் விளைவு. சிலருக்கு வயிற்றில் ஒன்றும் தெரியாது, களைப்பும் ரத்தசோகையும் மட்டுமே இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. குடல் திசுவுக்கு எதிராக உடல் தயாரிக்கும் எதிர்ப்பொருளை அது தேடும். பிறகு பெரும்பாலும் உள்நோக்கிக் கருவி மூலம் சிறுகுடலிலிருந்து சிறிய திசு எடுத்துப் பார்ப்பார்கள்.

சிக்கல் இங்குதான். நீங்கள் ஏற்கெனவே கோதுமையை நிறுத்தியிருந்தால் எதிர்ப்பொருள் குறைந்துவிடும், குடலும் ஆறத் தொடங்கிவிடும். நோய் இருந்தும் "இல்லை" என்று முடிவு வரலாம். பரிசோதனைக்காக மறுபடியும் சாப்பிட வேண்டியிருக்கும். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி, குறைந்தது 6 வாரத்துக்குத் தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளை குளூட்டன் சாப்பிடச் சொல்கிறது. நிறுத்தியதால் உடம்பு தேறிய ஒருவருக்கு அந்த 6 வாரம் சின்ன விஷயமில்லை. பலர் "வேண்டாம்" என்று விட்டுவிடுவார்கள். தனக்கு என்ன நோய் என்று தெரியாமலேயே காலம் போகும்.

தெரிந்தால்தான் என்ன, எப்படியும் கோதுமை சாப்பிடுவதில்லையே என்று தோன்றலாம். சீலியாக் என்று உறுதியானால் எலும்பு அடர்த்தியைப் பார்க்க வேண்டும், தைராய்டைக் கவனிக்க வேண்டும், பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். பத்தியமும் "முடிந்தவரை" இல்லை, ஆயுளுக்கும்.

<b>நம்மவர்களுக்கு வருமா?</b>

வெள்ளைக்காரர்களின் நோய் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். கோதுமைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பைத் தெளிவாக்கியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் கரெல் டிக்கெ. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது, இந்த நோயுள்ள பிள்ளைகள் மோசமாகவில்லை, தேறினார்கள். அவருக்கு அதற்கு முன்பே இருந்த சந்தேகம் வலுத்தது. 1950இல் அதை ஆய்வேடாக வெளியிட்டார்.

இந்தியாவில் பல வட்டாரங்களில் நடத்தி 2016இல் வெளியான ஆய்வு ஒன்று வடக்கில் சுமார் 1.2 விழுக்காட்டினருக்கும் தெற்கில் சுமார் 0.1 விழுக்காட்டினருக்கும் சீலியாக் இருப்பதாகக் கண்டது. மரபணு வாய்ப்பு இரு பக்கமும் உண்டு. பெரிய வித்தியாசம் தட்டில்: வடக்கே சப்பாத்தி, தெற்கே சோறு. காலையில் ரொட்டி, மத்தியானம் மீ, இரவில் பரோட்டா என்று வாழும் சிங்கப்பூர்த் தமிழருக்கு "நமக்கு வராது" என்பது பாதுகாப்பான அனுமானம் இல்லை. அதற்காக வயிறு உப்பும் எல்லாருக்கும் சீலியாக் என்றும் இல்லை.

<b>சீலியாக் இல்லை, ஆனாலும் ஒத்துக்கொள்ளவில்லையே?</b>

அப்படியும் உண்டு, கற்பனை இல்லை. ஆனால் குற்றவாளி குளூட்டனாக இல்லாமலும் இருக்கலாம்.

கோதுமையில் பிரக்டான் என்ற மாவுச்சத்தும் இருக்கிறது. சிறுகுடல் அதைச் செரிக்காது, பெருங்குடலில் கிருமிகள் அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். குளூட்டன் ஒத்துக்கொள்ளாது என்று தாங்களே முடிவுசெய்திருந்த 59 பேரை வைத்து நார்வேயில் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. குளூட்டன், பிரக்டான், இரண்டும் இல்லாதது என மூன்று வகைத் தானியப் பட்டைகளை எது எது என்று சொல்லாமல் கொடுத்தார்கள். அதிகத் தொந்தரவு கொடுத்தது பிரக்டான்.

இது ஏன் முக்கியம்? பிரக்டான் வெங்காயத்திலும் பூண்டிலும் ஏராளம். கோதுமையை மட்டும் விட்டுவிட்டு வெங்காயச் சாம்பாரும் பூண்டு ரசமும் சாப்பிட்டால், "இவ்வளவு கஷ்டப்பட்டும் சரியாகலையே" என்றுதான் முடியும். உணவியல் நிபுணர் துணையோடு சில வாரம் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பதே சரியான வழி. திரும்பச் சேர்க்கும் பகுதியைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

<b>ஈஸ்ட் எதிர்ப்புப் பத்தியம் எங்கிருந்து வந்தது?</b>

1980களில் அமெரிக்க மருத்துவர் வில்லியம் குரூக் எழுதிய 'தி ஈஸ்ட் கனெக்‌ஷன்' என்ற புத்தகத்தால் பரவியது இது. குடலில் கேண்டிடா என்ற ஈஸ்ட் பெருகிவிடுவதால்தான் களைப்பு, தலைவலி, மனச்சோர்வு எல்லாம் என்பது அதன் வாதம். சீனி, பழம், ரொட்டி, காடி, காளான், புளித்த உணவு எதுவும் கூடாது. அமெரிக்காவின் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 1986இலேயே இது நிரூபிக்கப்படாத ஊகம் என்று சொல்லிவிட்டது.

பிறகு சோதித்தும் பார்த்தார்கள். இந்தப் பிரச்சினை இருப்பதாகக் கருதப்பட்ட 42 பெண்களுக்கு ஈஸ்ட்டைக் கொல்லும் மருந்தும் போலி மருந்தும் மாறி மாறிக் கொடுத்த ஆய்வு 1990இல் வெளியானது. பிறப்புறுப்பு அரிப்பு குறைந்தது. களைப்பு போன்ற மற்றவற்றில் மருந்து போலி மருந்தைவிட மேலாக இல்லை. 2008இல் பிரிட்டனில் இன்னொன்று: நாட்பட்ட களைப்பு நோய் உள்ள 52 பேரில் ஒரு பாதிக்குச் சீனியும் ஈஸ்ட்டும் குறைந்த பத்தியம், மறு பாதிக்குச் சாதாரண ஆரோக்கிய உணவு. 24 வாரம் கழித்துக் களைப்பில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. பத்தியத்தைக் கடைப்பிடிக்கவே பலர் திணறினார்கள்.

கேண்டிடா என்ற கிருமியே பொய் என்று அர்த்தமில்லை. அது பலருடைய உடலில் சும்மா இருக்கும். ஆன்டிபயாட்டிக் எடுத்த பிறகு, நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதபோது, ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு உறிஞ்சுபவர் வாயைக் கொப்பளிக்காதபோது வாயில் வெள்ளைப் படலம் வரலாம். பெண்களுக்கு அரிப்பும் வெள்ளைக்கசிவும் வரலாம். இதற்கெல்லாம் மருந்து இருக்கிறது. காலையில் தண்ணீர் கிளாஸில் எச்சில் துப்பி, நூல் மாதிரி இறங்கினால் கேண்டிடா என்று சொல்லும் "டெஸ்ட்" மட்டும் எதையும் காட்டாது. எச்சிலின் இயல்பே அதுதான்.

இன்னொன்று, ரொட்டியில் போடும் ஈஸ்ட் வேறு, கேண்டிடா வேறு. ரொட்டி சாப்பிட்டால் கேண்டிடா வளரும் என்பதற்கு அடிப்படை இல்லை. இட்லி மாவைப் பொங்கவைப்பதும் பெரும்பாலும் தயிரில் இருப்பது போன்ற லாக்டிக் அமிலக் கிருமிகள்தான். பாவம், அதையும் சேர்த்துத் தடைசெய்கிறார்கள்.

"எனக்குக் குணம் தெரிந்ததே" என்று சொல்பவர்களை நான் நம்புகிறேன். சீனி பானம், மது, பொட்டலத் தின்பண்டம் எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டால் யாருக்கும் உடம்பு இலேசாகத்தான் இருக்கும். கோதுமையோடு பிரக்டானும் போகிறது. எனக்குப் பயமாக இருப்பது ஒரு விளக்கம்தான்: பத்தியம் தொடங்கி உடம்பு மோசமானால், "கிருமி சாகுது, அதான் அப்படி" என்பார்கள். நன்றாக இருந்தாலும் பத்தியம் சரி, மோசமானாலும் பத்தியம் சரி. அப்படியென்றால் எப்போது நிறுத்துவது?

நீரிழிவுக்கு இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைத் திடீரென்று வெட்டினால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். மருத்துவரிடம் சொல்லாமல் இதைச் செய்யவே கூடாது.

<b>பெருங்காயத்திலுமா?</b>

சீலியாக் உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சோறு, இடியாப்பம், கேழ்வரகு, தினை, பருப்பு, மீன், காய்கறி எல்லாம் நம் சமையலில் இருக்கவே இருக்கின்றன. வேலை பாதி முடிந்தது என்று நினைப்பீர்கள். மீதிப் பாதிதான் ஏமாற்றும்.

கூட்டுப் பெருங்காயத்தில் பல நிறுவனங்கள் கோதுமை மாவு கலக்கின்றன. அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது, பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ரவா தோசை, உப்புமா, கேசரி, சேமியா பாயசம் எல்லாமே கோதுமை. உணவங்காடியில் "உடம்புக்குக் குளிர்ச்சி" என்று வாங்கும் பார்லி தண்ணீர், பார்லிதான். மைலோவிலும் ஹார்லிக்ஸிலும் பார்லி மால்ட் உண்டு. சாதாரண சோயா சாஸ் கோதுமை சேர்த்துத் தயாரிக்கப்படுவது. அதனால் பீ ஹூன் அரிசியாக இருந்தாலும், கடைக்காரர் ஒரு சொட்டு விட்டால் முடிந்தது.

ஒரு சொட்டால் என்ன ஆகும்? ஒரு துண்டு ரொட்டியில் சுமார் 2 கிராம் குளூட்டன் இருக்கும். தினமும் 50 மில்லிகிராம், அதாவது அந்தத் துண்டில் 40இல் ஒரு பங்கு, தொடர்ந்து போனாலே சீலியாக் உள்ளவரின் குடல் பாதிக்கப்படலாம் என்று ஆய்வு சொல்கிறது. "கொஞ்சம்தானே, சாமி பிரசாதம்" என்று கேசரியை நீட்டும் அத்தைக்கு இதை விளக்குவதுதான் உலகத்திலேயே கடினமான வேலை. மருந்து மாதிரி இது, மருத்துவர் சொல்லியிருக்கிறார் என்று சொல்லிப் பாருங்கள். பத்தியம் என்ற சொல் பெரியவர்களுக்கு நன்றாகவே புரியும்.

பொட்டல உணவில் குளூட்டன் உள்ள தானியம் இருந்தால் உறையில் குறிப்பிட வேண்டும் என்பது சிங்கப்பூர் உணவு அமைப்பின் விதி. "குளூட்டன் இல்லாதது" என்பதற்கு அனைத்துலக அளவுகோல், ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. "கோதுமை இல்லாதது" என்று மட்டும் போட்டிருந்தால் பார்லி இருக்கலாம்.

குளூட்டன் இல்லாத ரொட்டி, பிஸ்கட் விலை அதிகம். பல வகைகளில் நார்ச்சத்தும் குறைவு. சர்க்கரை நோய் உள்ள குடும்பமென்றால் அவற்றைவிடக் கேழ்வரகுக் களியும் சுண்டலும் எவ்வளவோ மேல்.

<b>தட்டு சுருங்கிக்கொண்டே போனால்</b>

கோதுமை இல்லை, பால் இல்லை, பழம் இல்லை, புளித்தது இல்லை. இரண்டு மூன்று பத்தியத்தை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் கடைசியில் சோறும் கோழியும் அவித்த காயும்தான் மிஞ்சும். ஏற்கெனவே பலவீனமாக இருக்கும் உடம்பு இன்னும் இளைக்கும். நண்பர்கள் சாப்பிடக் கூப்பிட்டால் போக மாட்டீர்கள். சாப்பாட்டைக் கண்டாலே பயம் வரும் நிலையும் உண்டு, அதற்கும் உதவி தேவை.

எடை குறைகிறதா, மலத்தில் ரத்தமா, ரத்தசோகை இருக்கிறதா, இரவில் வயிற்றுப்போக்கால் எழுகிறீர்களா? பத்தியத்தை யோசிக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். அவ்வளவு அவசரம் இல்லையென்றால் இரண்டு வாரத்துக்கு என்ன சாப்பிட்டீர்கள், எப்போது என்ன செய்தது என்று கைப்பேசியில் குறித்துக்கொண்டு பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். "சீலியாக் பரிசோதனை தேவைப்படுமா? நான் இன்னும் கோதுமை சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்" என்று நீங்களே கேட்கலாம். ஏற்கெனவே நிறுத்திவிட்டால் எப்போதிலிருந்து என்று மறக்காமல் சொல்லுங்கள்.

<b>வெளியே சாப்பிடும்போது எப்படிக் கேட்பது?</b>

"குளூட்டன் இருக்கா?" என்று கேட்டால் பல கடைகளில் "இல்லை" என்றுதான் பதில் வரும், அந்தச் சொல்லே புரியாததால். பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: "அண்ணே, கோதுமை மாவும் சோயா சாஸும் எனக்கு ஆகாது, இதுல இருக்கா?" தோசை அரிசிதான், ஆனால் பரோட்டா போட்ட அதே கல்லில் ஊற்றினால் சீலியாக் உள்ளவருக்கு ஆகாது. வடையும் சமோசாவும் ஒரே எண்ணெயில் வெந்தாலும் அப்படித்தான். காலையில் கூட்டம் குறைவாக இருக்கும் நேரத்தில் போய், "அக்கா, சாம்பாருக்குப் போடுற பெருங்காயப் பொட்டலத்தைக் கொஞ்சம் காட்டுறீங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் காட்டுவார்கள். கைப்பேசியில் ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நிறுவனம் மாறியிருக்கிறதா என்று பார்க்க உதவும்.