கண்ணாடியில் கண்டதும் ஏட்டில் வளர்ந்ததும்

திருவள்ளூர் என இன்று வழங்கும் ஊரின் பழம்பெயர் எவ்வுள். நெடுவழி நடந்த களைப்போடு வந்த திருமால், சாலிகோத்திர முனிவரிடம் தாம் படுத்துறங்க 'எந்த உள்' என வினவினார் என்றும், முனிவர் தம் குடிலைக் காட்ட அங்கேயே பள்ளிகொண்டார் என்றும் தலபுராணம் கூறும். உறங்க இடம் தேடிய ஒரு வினாவே ஊருக்குப் பெயராகி நின்றது. இவ்வூருக்கு மேற்கே திருத்தணிகை, வடகிழக்கே பொன்னேரி, பொன்னேரியிலிருந்து தெற்கே கடலோரமாகச் சென்றால் திருவொற்றியூர். இத்தலங்களுக்கிடையே இளமையைக் கழித்த கவிஞர் ஒருவர், உறக்கத்துக்கும் விழிப்புக்கும் இடைப்பட்ட காட்சிகளிலிருந்து பல நூல்களை ஏறத்தாழ ஒரே காலத்தில் வளர்த்தெடுத்த வரலாறு, கவிதை எழுதுவோர் அனைவரும் எண்ணிப் பார்க்கத்தக்கது. அவர் திருவருட்பிரகாச வள்ளலார் எனப் போற்றப்பெறும் இராமலிங்க அடிகள்.

அடிகள் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்தார். தந்தையார் இராமையா, அடிகள் கைக்குழந்தையாக இருந்தபோதே காலமானார். அன்னை சின்னம்மையார் பொன்னேரியை அடுத்த சின்னக்காவணத்தைச் சேர்ந்தவர். கணவரை இழந்த நிலையில் மக்களை அழைத்துக்கொண்டு அவர் வந்து சேர்ந்தது தாம் பிறந்த அச்சிற்றூருக்கே. பின்னர்க் குடும்பம் சென்னை ஏழுகிணறுப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. மூத்த தமையனார் சபாபதி புராணச் சொற்பொழிவு ஆற்றிக் குடும்பத்தைக் காத்தார். வள்ளலார் என்றவுடன் வடலூரையும் மேட்டுக்குப்பத்தையும் நினைக்கும் நாம், சின்னக்காவணத்தை நினைப்பது அரிது.

பள்ளிப் படிப்பில் நாட்டம் கொள்ளாத சிறுவனுக்கு வீட்டின் மாடியில் ஓர் அறை ஒதுக்கப்பட்டது. சுவரில் கண்ணாடி ஒன்றை மாட்டி, அதற்கு முன் விளக்கேற்றி அதையே நோக்கியிருந்தபோது, அதில் திருத்தணிகை முருகன் காட்சி தந்தான் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். அப்போது அவருக்கு வயது ஒன்பது என்பது மரபு. கண்ணாடியும் விளக்கும் வரலாற்றாசிரியர்கள் தரும் செய்தி. அடிகளின் பாடலோ ஆறு முகங்களையும் பன்னிரு தோள்களையும் வேலையும் மயிலையும் தணிகை மலையையும் தம் கண் கண்டதாகச் சொல்கிறது. எந்த வீட்டில், எந்த நாளில் என்ற குறிப்பு அதில் இல்லை. கனவு நிலையில் தோன்றியதை நூலாக்குவோர் செய்யும் முதற் காரியம் இதுவே. காட்சி தோன்றிய சூழலைக் கழித்துவிட்டு, காட்சியை மட்டும் ஏட்டில் நிறுத்துகிறார்கள்.

கனவிலிருந்து காப்பியம் பிறந்ததாகச் சொல்லும் மரபு தொண்டை நாட்டுக்குப் புதிதன்று. காஞ்சிக் குமரகோட்டத்தில் பூசை செய்துவந்த கச்சியப்ப சிவாசாரியாரின் கனவில் முருகன் தோன்றி அடியெடுத்துக் கொடுத்தான் என்றும், அவ்வாறே கந்தபுராணம் தொடங்கிற்று என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அரங்கேற்ற நாளில் அம்முதற் சொல்லின் புணர்ச்சிக்கே அவையோர் இலக்கணம் கேட்டனர் என்பதும், வீரசோழியத்தில் விதி உண்டெனக் காட்டிய பின்னரே நூல் அரங்கேறியது என்பதும் அவ்வரலாற்றின் மறுபாதி. கனவில் வந்த சொல்லாயினும், இறைவனே தந்த சொல்லாயினும், பகலில் அவை முன் நின்று இலக்கணத்துக்கு விடை சொல்லியாக வேண்டும் என்பதே அக்கதையின் உட்கிடை.

கச்சியப்பர் கனவில் பெற்றது ஒரு நூல். இராமலிங்கரின் நிலை வேறு. தணிகையை நோக்கிய பாடல்கள் ஒருபுறம் பெருகின. சென்னைக் கந்தகோட்டத்து முருகன் மீது தெய்வமணிமாலை எழுந்தது. திருவொற்றியூருக்கு நடந்து சென்று வழிபட்டு வந்த நாள்களில் தியாகேசர் மீதும் வடிவுடையம்மன் மீதும் பதிகங்கள் பிறந்தன. 101 பாடல்களைக் கொண்ட வடிவுடை மாணிக்கமாலை அவற்றுள் ஒன்று. எவ்வுளில் பள்ளிகொண்ட வீரராகவப் பெருமாளையும் அவர் பஞ்சகமாகப் பாடினார். சிவநெறியில் நின்ற இளங்கவிஞர் திருமாலின் திருவடியில் வைத்த அப்பாடல்கள், இவ்வட்டாரத்தாருக்குத் தனி உரிமை உடையவை.

பாடல்களோடு பணி நின்றுவிடவில்லை. 1851இல் சீகாழிக் கண்ணுடைய வள்ளலின் ஒழிவிலொடுக்கத்தைப் பதிப்பித்தார். 1854இல் மனுநீதிச் சோழன் வரலாற்றை மனுமுறை கண்ட வாசகம் என்னும் உரைநடை நூலாக வெளியிட்டார். 1855இல் படிக்காசுப் புலவரின் தொண்டமண்டல சதகத்தை அச்சேற்றி, நாட்டின் பெயர் தொண்டமண்டலமா தொண்டைமண்டலமா என்னும் ஐயத்தை ஆராய்ந்து எழுதினார். 1857இல் சின்மய தீபிகை வந்தது. முப்பத்து நான்கு வயதுக்குள் பாடல், பதிப்பு, உரைநடை, சொல்லாராய்ச்சி என நான்கு துறைகளும் அவர் கையில் ஒருங்கே இருந்தன.

இத்தனையும் ஒன்றோடொன்று மோதிக் கலங்காமல் நின்றது எவ்வாறு? அருட்பாவைப் பயில்வோர்க்கு ஒரு செய்தி புலப்படும். ஒவ்வொரு பாடற்றொகுதிக்கும் அடிகள் ஒரு தலத்தை வைத்துக்கொண்டார். தணிகைப் பாடலில் ஏக்கம் மிகுதி; நேரில் சென்று காணாத மலையை நோக்கிப் பிள்ளை அழைக்கும் குரல் அது. ஒற்றியூர்ப் பாடலில் அன்றாடம் கண்டு பழகிய உரிமையும் ஊடலும் உண்டு. இங்கித மாலையில் தியாகேசரும் தலைவியும் சிலேடையாக உரையாடுவதைத் தணிகைப் பதிகங்களுக்கு இடையே வைத்தால் பொருந்தாது. ஒரே உள்ளம் பாடியதாயினும் ஊர் மாறும்போது குரல் மாறுகிறது. காட்சிகள் பலவாக வந்தபோது, ஒவ்வொன்றும் தன் தலத்துக்குச் சென்று சேர்ந்தது.

இரண்டாவது செய்தி, இரவின் பணியும் பகலின் பணியும் ஒன்றையொன்று தாங்கியது. பதிப்பாசிரியர்க்குக் காட்சி வேண்டுவதில்லை. ஏடு பார்த்தலும் பாடம் தெளிதலும் பொருள் காண்டலும் வேண்டும். பாடல் வராத நாளிலும் அப்பணி நடக்கும். சொல்லின் வடிவை வழக்காடி நிறுவும் அதே கையே தணிகை நாதனை அழைத்துப் பாடியது. பாடலில் சொல் பிசகாமல் நின்றதற்கு அப்பயிற்சியும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

கனவைப் பற்றி அடிகள் கொண்டிருந்த கருத்தும் இங்கே எண்ணத்தக்கது. கனவைக் கொண்டாடும் கவிஞர் பலர். அவரோ அதற்கு அஞ்சினார். பிற்காலத்துப் பிள்ளைப் பெருவிண்ணப்பத்தில், படுத்தால் உறக்கம் வந்துவிடுமே, உறக்கத்தில் கனவு வந்துவிடுமே என நடுங்கியதை இறைவனிடம் முறையிடுகிறார். அருட்பிரகாச மாலையிலோ, நள்ளிரவில் இறைவன் திருவடி வருந்த நடந்து வந்து, கதவைத் திறக்கச் செய்து, கையில் ஒன்றைக் கொடுத்துச் சென்ற நிகழ்ச்சியை நூறு பாடல்களில் திரும்பத் திரும்பப் பாடுகிறார். ஒரே இரவு அவருக்கு அச்சமாகவும் இருந்தது, அருளாகவும் இருந்தது. இரவில் வந்த யாவும் பாடற்குரியவை என அவர் எண்ணவில்லை. எது வெறுங்கனவு, எது கையில் தங்கிய பொருள் என்று பிரித்தறிவதே அவருடைய பெரும்பணியாக இருந்தது.

பிறமொழிக் கவிஞர் ஒருவரின் அனுபவம் இதனோடு ஒப்பிடத்தக்கது. ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1797இல் உறக்கத்தில் இருநூறு அடிக்குக் குறையாத பாடல் தமக்குத் தோன்றியதாகவும், விழித்து எழுதுகையில் போர்லாக் என்னும் ஊரிலிருந்து ஒருவர் அலுவலாக வந்து அழைத்ததாகவும், திரும்பி வந்தபோது எஞ்சியவை மறைந்ததாகவும் எழுதினார். குப்ளாகான் எனப்படும் அப்பாடல் 54 அடிகளோடு 1816இல் வெளிவந்தது. கனவு முழுவதையும் ஒரே அமர்வில் இறக்கிவைக்க முயன்றவருக்கு ஒரு விருந்தினர் வருகையே தடையாயிற்று. இராமலிங்கரோ ஒரே காட்சியை நூறு முறை பாடினார். இருபதாவது பாடலில் யாரேனும் கதவைத் தட்டியிருந்தாலும் இருபத்தோராவது பாடல் அங்கிருந்தே தொடங்கியிருக்கும்.

நம் நூற்றாண்டுக்கு நெருங்கிய சான்று பாரதியார். 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த காலத்தில் பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு, குயில் பாட்டு ஆகிய மூன்றும் அவர் கையில் உருப்பெற்றன. அவற்றுள் குயில் பாட்டு, மாலைநேரத்துக் கனவாக முடிவது. தம் வாழ்க்கையைப் பாடிய நூலுக்கும் 'கனவு' என்றே பெயரிட்டு 1910இல் வெளியிட்டார். பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் 1912இல் வந்தது. இரண்டாம் பாகம் 1921இல் அவர் மறைந்த பின்னரே அச்சேறியது. பல நூல்களை ஒருங்கே எடுத்தவர்க்குச் சில, பிறர் கையால்தான் நிறைவுறுகின்றன.

அருட்பாவின் வரலாறும் அதுவே. அடிகள் 1858இல் சென்னையை நீங்கித் தென்திசை சென்றார், கருங்குழியில் தங்கினார். பாடல்கள் அன்பர் பலரிடம் சிதறிக் கிடந்தன. அவற்றை அச்சிட விரும்பிய இறுக்கம் இரத்தின முதலியார், பாடல்கள் வந்துசேரும் வரை ஒருவேளை உணவே கொள்வதென உறுதி பூண்டார் என்றும், அதனை அறிந்து வருந்திய அடிகள் இசைந்தார் என்றும் அறிகிறோம். நூலில் தம் பெயரை 'இராமலிங்கசாமி' என இடுவது ஆரவாரமாகத் தோன்றுவதாகக் கடிதத்தில் மறுத்தவர் அவர். தொழுவூர் வேலாயுத முதலியார் பாடல்களை ஆறு திருமுறைகளாக வகுத்தார். 1867இல் முதல் நான்கு மட்டும் ஒரு நூலாக வெளிவந்தன.

இவ்விடத்தில் ஒரு வியப்பு. தணிகைப் பதிகங்கள் இளமைக் காலத்தவை. கண்ணாடிக் காட்சியின் முதற்பயன். ஆனால் அவை ஐந்தாம் திருமுறையாக வகுக்கப்பெற்று 1880இல்தான் அச்சேறின. 1874ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் திருவறையுள் புகுந்த அடிகள் அதனைக் காணவில்லை. 1,596 அடிகளைக் கொண்ட அருட்பெருஞ்சோதி அகவலை உள்ளடக்கிய ஆறாம் திருமுறையை வெளியிட அவர் தம் காலத்தில் இசையவில்லை. அது 1885இல் வந்தது. முதலில் கண்டதும் இறுதியில் கண்டதும் பெட்டியில் காத்திருக்க, இடைக்காலத்தவையே முதலில் உலகைக் கண்டன. எழுதிய வரிசை வேறு, வெளிவந்த வரிசை வேறு. இதனால் கவிஞர் குறைவுபடவில்லை.

எனினும் இக்காத்திருப்பு இடரற்றது எனச் சொல்லிவிட இயலாது. ஏடு செல்லரிக்கும், தாள் மட்கும், வைத்திருப்போர் மறைவர். இரத்தின முதலியாரின் பசியும் வேலாயுத முதலியாரின் உழைப்பும் இல்லையேல், தணிகையை அழைத்த சிறுவனின் குரல் நமக்கு எட்டியிருக்குமா என்பது ஐயமே. இருபதாம் நூற்றாண்டில் ஆ. பாலகிருஷ்ண பிள்ளை 1931 தொடங்கி 1958 வரை பன்னிரண்டு பகுதிகளாகப் பதிப்பித்தார். ஊரன் அடிகள் 1972இல் காலவரிசையைக் கருதித் தொகுத்தார். தணிகையைத் தமிழகத்தோடு இணைக்கப் போராடி 1960இல் அதன் பயனைக் கண்ட ம.பொ.சிவஞானம், 'வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு' என்னும் நூலுக்காக 1966இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார் என்பதும் மகிழ்ச்சிக்குரிய பொருத்தம்.

இன்று சின்னக்காவணத்துக்கு அருகே ஓடும் தொடர்வண்டியில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு இரவு முறைக்குச் செல்வோரும் பகல் முறை முடிந்து திரும்புவோரும் பயணம் செய்கின்றனர். அவர்களுள் கவிதை எழுதுவோரும் உளர். உறக்கம் கலைந்த பொழுதில் தோன்றியதைச் சட்டைப்பைக் குறிப்பேட்டில் எழுதி, நாடகம் ஒன்றையும் பாட்டுத்தொகுதி ஒன்றையும் பாதியில் வைத்திருப்போருக்குத் தாம் எதையும் முடிக்கவில்லையே என்னும் மனவருத்தம் இருக்கக்கூடும். அருட்பாவின் வரலாறு அவர்களுக்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. பாதியில் நிற்கும் நூல்கள் பலவாக இருப்பது குற்றமன்று; ஒவ்வொன்றும் எவ்வூரைச் சேர்ந்தது, எக்குரலுக்குரியது எனத் தெரிந்து தனித்தனியே வைத்திருந்தால் போதும். மற்றொன்று, அக்குறிப்பேடு எங்கே இருக்கிறது என்று அறிந்த நண்பர் ஒருவரேனும் வேண்டும். இலக்கிய வட்டங்கள் இருப்பதன் பயன்களுள் அதுவும் ஒன்று.